அந்தப் பையன் யார் வீட்டுப் பிள்ளை?

நிறுத்தி வைத்த வண்டியிலிருந்து பெட்ரோல் குறைகிறது. ஒரு சைக்கிள் காணாமல் போகிறது. இருட்டிய பிறகு படிக்கட்டுப் பக்கம் பையன்கள் கும்பலாக நிற்கிறார்கள் என்று பெண்கள் சுற்றிக்கொண்டு போக ஆரம்பிக்கிறார்கள். உடனே குடியிருப்போர் கூட்டம் போடுவார்கள். அதில் முதலில் எழும் கோரிக்கை காமிரா. அடுத்தது போலீஸ் ரோந்து. அப்புறம் சுற்றுச்சுவரை உயர்த்துவது. யாராவது ஒருவர் எழுந்து, "எல்லாம் பெத்தவங்க வளர்ப்பு சரியில்லாததால வர்றது" என்பார். அந்தப் பெற்றோரில் ஒருவர்கூடக் கூட்டத்தில் இருக்கமாட்டார்கள், ஏனென்றால் அவர்களை யாரும் கூப்பிட்டிருக்கமாட்டார்கள்.

குடியிருப்போர் சங்கத்தில் சிறுவர்கள் சம்பந்தப்பட்ட வேலைகளைப் பல வருடங்களாகப் பார்த்துவருகிறேன். இந்தமாதிரிக் கூட்டங்களில் ஒரு கேள்வி கேட்பது என் வழக்கம். "அந்தப் பையன்கள்ல எத்தனை பேரோட பேர் உங்களுக்குத் தெரியும்?" கொஞ்ச நேரம் யாரும் பேசமாட்டார்கள். பிறகு, தலைமுடிக்குக் கலர் அடித்தவன், கறுப்பு பைக்கில் வருபவன், எப்போதும் செல்போனில் பாட்டுப் போடுபவன் என்று அடையாளம் சொல்வார்கள். பெயர் வராது. யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாது. அவனுடைய அப்பா அம்மாவை ஒருமுறையாவது நின்று விசாரித்தவர்கள் அரிது.

சிறார் குற்றத்தைத் தடுக்க வேண்டுமானால் வேலையைப் பெரியவர்களிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதிலும், வெளியிலிருந்து வந்து அறிவுரை சொல்லிவிட்டுப் போகிறவர்களால் இது ஆகாது. அதே இடத்தில் குடியிருப்பவர்கள் கையில் முடிவும், பணமும், அறைச் சாவியும் இருக்க வேண்டும். இதை 90 வருடங்களுக்கு முன்பே ஒருவர் செய்து பார்த்திருக்கிறார். அவருடைய கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசை.

கிளிஃபர்ட் ஷா இண்டியானா மாநிலத்துக் கிராமத்துக்காரர். 1920களில் சிகாகோவில், குற்றத்தில் சிக்கியவர்களை வெளியில் வைத்துக் கண்காணிக்கும் நன்னடத்தை அதிகாரியாக வேலை பார்த்தார். அமெரிக்காவின் முதல் சிறார் நீதிமன்றம் 1899ல் அமைந்தது அந்த நகரத்தில்தான். ஒவ்வொரு பையனாக எடுத்து, அவன் மனதில் என்ன கோளாறு என்று ஆராய்வதுதான் அந்தக் காலத்து வழக்கம். ஷா வேறு மாதிரி யோசித்தார். ஆராய்ச்சியாளராக ஆனபிறகு, ஹென்றி மெக்கே என்ற சகாவோடு சேர்ந்து, நீதிமன்றத்துக்கு வந்த பையன்களின் வீட்டு விலாசங்களை நகர வரைபடத்தில் ஒவ்வொரு புள்ளியாகக் குறித்தார். ஒரு வருடத்துக் கணக்கோடு நிறுத்தவில்லை. 1900 முதல் 1906 வரை, பிறகு 1917 முதல் 1923 வரை, பிறகு 1927 முதல் 1933 வரை என்று மூன்று காலகட்டங்களுக்குக் குறித்தார்கள்.

புள்ளிகள் ஒரே இடங்களில் மொய்த்தன. நகர மையத்தை ஒட்டிய, தொழிற்சாலைகளுக்குப் பக்கத்திலிருந்த, வாடகை குறைந்த பகுதிகள் அவை. அங்கிருந்து விலகிப் போகப் போகப் புள்ளிகள் குறைந்துகொண்டே வந்தன. ஆச்சரியம் அதில் இல்லை. அந்த 30 வருடங்களில் அங்கே குடியிருந்தவர்கள் அடியோடு மாறிவிட்டார்கள். முதலில் ஜெர்மானியர்கள், ஐரிஷ்காரர்கள், ஸ்வீடன்காரர்கள் இருந்தார்கள். பிறகு இத்தாலியர்களும் போலந்துக்காரர்களும் வந்தார்கள். ஆட்கள் மாறியும் குற்ற விகிதம் அதே இடத்தில் உயரமாகவே நின்றது. அங்கிருந்து நல்ல பகுதிக்குக் குடிபெயர்ந்த கூட்டத்தாரின் பிள்ளைகளிடம் விகிதம் இறங்கிவிட்டது. "அந்த இனத்துப் பசங்களே இப்படித்தான்" என்று ஊர் பேசிக்கொண்டிருந்த பேச்சு இதோடு அடிபட்டுப்போனது. ஆட்கள் வந்துபோகிறபடியே இருக்கும் இடத்தில் பெரியவர்கள் ஒருவரையொருவர் அறியமாட்டார்கள். அறியாததால் ஒருவர் பிள்ளையை இன்னொருவர் கேட்கமாட்டார். பிள்ளைகளை வளர்க்கும் வேலையைத் தெருவில் இருக்கும் மூத்த பையன்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஷா கண்ட விளக்கம் இதுதான்.

இந்த வரைபடத்தைப் பற்றி யாரிடமாவது பேசும்போதெல்லாம் ஒன்றைச் சேர்த்துச் சொல்வேன். இது அந்தப் பகுதி மக்களைக் குற்றம்சாட்டும் வரைபடம் ஆகாது. வேறு வழியில்லாதவர்களை ஒரே இடத்தில் கொண்டுபோய் அடைத்தது அவர்களுடைய வேலை இல்லை. அதே சமயம், வாடகையும் கூலியும் சரியாகிற வரைக்கும் பிள்ளைகள் காத்திருக்க முடியாது. அதனால்தான் ஷாவின் அடுத்த அடி எனக்கு முக்கியமாகப் படுகிறது.

1932 வாக்கில், தெற்குச் சிகாகோவில் இரும்பாலைகளை ஒட்டியிருந்த ரஸ்ஸல் ஸ்கொயர் என்ற பகுதியில் அவருடைய ஆட்கள் வேலையை ஆரம்பித்தார்கள். போலந்திலிருந்து வந்த ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள் நிறைந்த இடம். அங்கே செயின்ட் மைக்கேல் தேவாலயத்தின் பாதிரியாரைத் தாண்டி எதுவும் நடக்காது. ஷாவின் ஆட்கள் பலகை மாட்டி ஆபீஸ் திறக்கவில்லை. பாதிரியாரோடு பேசினார்கள். தேவாலயத்தில் தரைக்குக் கீழே இருந்த அறையே பையன்களின் மன்றமாக ஆயிற்று. குடியிருப்பவர்களே சேர்ந்து ஒரு குழு அமைத்துக்கொண்டார்கள். இந்த முயற்சிகளெல்லாம் 1934ல் சிகாகோ ஏரியா ப்ராஜெக்ட் என்ற பெயரில் அமைப்பாகப் பதிவாயின.

பையன்களோடு பழக அவர்கள் அனுப்பிய ஆள் மேசை போட்டு உட்காரவில்லை. தெருவோரத்தில், பையன்கள் நிற்கிற இடத்திலேயே போய் நின்றார். அவர்களோடு பேசிப் பழகி, பள்ளிக்கூடத்தில் பிரச்சினை என்றால் ஆசிரியரிடமும், பிடிபட்டுவிட்டால் போலீஸிடமும் நீதிமன்றத்திடமும் போய் நின்றார். "இந்தப் பையனை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று பொறுப்பேற்க உள்ளூரில் ஆள் இருக்கிறது என்பதே அங்கே புது விஷயம். சம்பளத்துக்கு வைத்துக்கொண்டவர்களிலும் முடிந்தவரை உள்ளூர்க்காரர்களையே எடுத்தார்கள். சிறைக்குப் போய்வந்தவர்களையும் ஒதுக்கவில்லை. படித்துப் பட்டம் வாங்கிய சமூகப் பணியாளர்களுக்கு இது பிடிக்கவில்லை. பயிற்சி இல்லாதவர்கள் கையில் பிள்ளைகளை ஒப்படைப்பதா என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் பயிற்சி பெற்றவர் மாலையில் தன் வீட்டுக்குப் போய்விடுவார், அங்கேயே குடியிருப்பவர் போகமாட்டார். ராத்திரி பத்து மணிக்கு ஒரு பையன் எங்கே இருக்கிறான் என்பதைத் தெரிந்துகொள்ள பட்டம் தேவைப்படாது.

சாவி விஷயத்தில் என் பிடிவாதம் இதிலிருந்து வந்ததுதான். எங்கள் சங்கத்துக்கு ஒரு பொது அறை உண்டு. சாவி செயலாளரிடம் இருந்தது. கூட்ட நாளைத் தவிர அறை திறக்காது. பையன்கள் படிக்கட்டில் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். மாலையில் அறையைத் திறந்துவிடலாம் என்று ஒருவழியாக எல்லோரும் ஒப்புக்கொண்டபோது, யார் திறப்பது, யார் பூட்டுவது என்ற கேள்வி வந்தது. அந்தக் கும்பலில் நிற்கும் ஒரு பையனின் அம்மாவிடம் கொடுக்கலாம் என்றேன்.

"அவங்ககிட்டயா? அவங்க பையன்தானே எல்லாத்துக்கும் தலைமை?" என்றார் செயலாளர்.

"அதனாலதான் சார் சொல்றேன்."

பெரிய வாக்குவாதம் நடந்தது. பொருள் போனால் யார் பொறுப்பு, கண்ணாடி உடைந்தால் யார் கட்டுவது என்று எல்லாம் பேசினார்கள். ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று எழுதி, அந்த அம்மாவும் செயலாளரும் கையெழுத்துப் போட்டார்கள். அதுவரை எந்தக் கூட்டத்துக்கும் வராதவர் அவர். வேலை முடிந்து வந்த கையோடு அறையைத் திறந்துவைத்து, வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். அறிவுரை எதுவும் சொல்லமாட்டார். வருகிறவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார், அவ்வளவுதான். ஒரு வாரம் வராதவனை, "எங்கடா போயிருந்த?" என்று கேட்பார். எல்லாப் பையன்களும் அறைக்கு வந்துவிட்டார்கள் என்றோ, படிக்கட்டு காலியாகிவிட்டது என்றோ சொல்லமாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு நடந்த கூட்டங்களில் பையன்களைப் பெயர் சொல்லிப் பேசினார்கள். பெயர் தெரிந்த பையன் மேல் புகார் எழுதுகிறவர் முதலில் அவன் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இதற்கு ஆய்வு ஆதாரமும் பின்னாளில் வந்தது, அதுவும் அதே சிகாகோவிலிருந்து. ராபர்ட் சாம்ப்சன், ஸ்டீஃபன் ராடன்புஷ், ஃபெல்டன் எர்ல்ஸ் மூவரும் 1997ல் வெளியிட்ட ஆய்வு அது. 343 பகுதிகளில் 8,782 பேரிடம் கேட்டார்கள். பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டுப் பிள்ளைகள் தெருமுனையில் நின்றால் இங்கே இருப்பவர்கள் ஏதாவது செய்வார்களா? சுவரில் கிறுக்கினால்? பெரியவரை ஒரு சிறுவன் மரியாதை இல்லாமல் பேசினால்? பக்கத்து வீட்டுக்காரர்களை நம்பலாமா? எந்தப் பகுதிகளில் ஆமாம் என்ற பதில் அதிகம் வந்ததோ அங்கே வன்முறை குறைவாக இருந்தது. ஏழ்மை முதலிய காரணங்களைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அந்த வித்தியாசம் நின்றது. இதில் எனக்கு ஆறுதல் தரும் சங்கதி, எல்லோரும் நெருங்கிய சிநேகிதர்களாக இருக்க வேண்டிய அவசியமில்லை என்பது. நான் தலையிட்டால் மற்றவர்கள் என்னைத் தனியே விட்டுவிடமாட்டார்கள் என்ற நம்பிக்கை போதும்.

சரி, ஷாவின் முயற்சியால் குற்றம் எவ்வளவு குறைந்தது? அதை யாராலும் அளந்து சொல்ல முடியவில்லை. அந்த அமைப்போடு நெருங்கியிருந்த சாலமன் கோப்ரின் 1959ல் 25 வருட மதிப்பீடு எழுதியபோது, குறைந்திருக்கவே வாய்ப்பு அதிகம், ஆனால் எவ்வளவு என்பதைத் துல்லியமாக அளக்க முடியாது என்றே எழுதினார். இந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆறு மாதத்தில் எண்ணிக்கை காட்டு என்று கேட்கிற நன்கொடையாளர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. ஷாவிடம் வேலை பார்த்த சால் ஆலின்ஸ்கி, இந்த மென்மையான வழி போதாது என்று பிரிந்துபோய், 1939ல் இறைச்சிக்கூடங்களை ஒட்டிய பகுதியில் ஜோசஃப் மீகனோடு சேர்ந்து வேறொரு குடியிருப்போர் மன்றத்தைக் கட்டினார். கூலிக்காகவும் உரிமைக்காகவும் மோதத் தயங்காத மன்றம். அதே மன்றம் பிற்காலத்தில் கறுப்பின மக்கள் அங்கே குடிவருவதைத் தடுக்கிற மன்றமாக ஆனது. ஆலின்ஸ்கியே அதை ஒப்புக்கொண்டு பேசியிருக்கிறார். ஒன்றுசேர்ந்த பெரியவர்கள் பிள்ளைகளைக் காக்கவும் செய்வார்கள், யாரையாவது வெளியே தள்ளவும் செய்வார்கள். "வெளியாட்கள் பிள்ளைகளால்தான் பிரச்சினை" என்ற பேச்சு எழும் கூட்டத்தில் அந்த இடத்திலேயே மறுத்துப் பேசிவிட வேண்டும். வாடகைக்கு இருப்பவர்களுக்கும் குழுவில் இடம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

நல்லது செய்கிறோம் என்று இறங்கிக் கெடுதல் செய்துவிடும் ஆபத்தும் இந்த வேலையில் உண்டு. மாசசூசெட்ஸில் கேம்ப்ரிட்ஜ், சாமர்வில் என்ற இரண்டு ஊர்களில் 1939 முதல் 1945 வரை ஒரு பெரிய முயற்சி நடந்தது. மொத்தம் 506 சிறுவர்கள். சரிபாதிப் பேருக்கு ஆலோசகர்கள், வீட்டுக்கு வருகை, படிப்பில் உதவி, மருத்துவம், கோடை முகாம் எல்லாம் கிடைத்தன. மறுபாதிக்கு எதுவும் இல்லை. 30 வருடம் கழித்து ஜோன் மெக்கார்ட் அவர்களைத் தேடிப்பிடித்து விசாரித்து, 1978ல் முடிவை வெளியிட்டார். உதவி பெற்றவர்களில் பலர் அன்போடு அந்த நாட்களை நினைவுகூர்ந்தார்கள். ஆனால் அளவுகளில் அவர்கள் நிலை மற்றவர்களைவிட மோசமாக இருந்தது. குடிப்பழக்கத்திலும், திரும்பத் திரும்பக் குற்றம் செய்வதிலும், சீக்கிரம் இறந்துபோவதிலும் அப்படித்தான். கோடை முகாமுக்குப் பலமுறை அனுப்பப்பட்டவர்களிடம் பாதிப்பு அதிகம் தெரிந்ததாகப் பின்னர் கண்டார்கள். சேட்டைக்காரப் பிள்ளைகளை ஒரே இடத்தில் சேர்த்தால் ஒருவர் சாகசத்துக்கு இன்னொருவர் கைதட்டுகிறார். கைதட்டு எங்கே கிடைக்கிறதோ அந்தப் பக்கம்தான் அந்த வயது சாயும்.

லாஸ் ஏஞ்சலஸில் 1960களில் மால்கம் க்ளைன் கண்டதும் இதை ஒட்டியதுதான். தெருக்கும்பலுக்கு ஒரு பணியாளரை நியமித்து, வாராவாரம் கூட்டம், சுற்றுலா, விளையாட்டு என்று நடத்தியதில் கும்பல் இன்னும் கெட்டிப்பட்டது, குற்றமும் கூடியது. கும்பலைக் கூட்டமாக நடத்துவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு பையனையும் தனித்தனியாக வேலைக்கும் படிப்புக்கும் வேறு சிநேகிதங்களுக்கும் இழுத்துவிட்டபோது நிலைமை மாறியது.

அதனால், "கெட்டுப்போன பசங்களுக்கு ஸ்பெஷல் வகுப்பு" என்று யார் திட்டம் கொண்டுவந்தாலும் நான் எதிர்த்துவிடுவேன். அறை திறந்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் திறக்க வேண்டும். நன்றாகப் படிக்கிற பிள்ளையின் பெற்றோர் கொஞ்சம் முகம் சுளிப்பார்கள், பேசித்தான் சரிசெய்ய வேண்டும். பெண் பிள்ளைகளுக்கும் அந்த அறையில் அவர்களே கேட்டு வாங்கிய நேரம் இருக்க வேண்டும். பையன்களைப் பற்றியே பேசிப் பேசி அவர்களை மறந்துபோகிற குழுக்கள் அதிகம்.

பயமுறுத்தித் திருத்தலாம் என்பது இன்னொரு பழைய நம்பிக்கை. நியூ ஜெர்சியில் ராவே சிறைக்குப் பையன்களைக் கூட்டிப்போய், ஆயுள் கைதிகளை விட்டுக் கத்தவைத்து மிரட்டினார்கள். 1970களில் அது பெரிய புகழ் பெற்றது. பிறகு வந்த ஆய்வுகளை ஆந்தனி பெட்ரோசினோவும் சகாக்களும் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, அப்படிப் போய்வந்தவர்கள், போகாதவர்களைவிடக் கூடுதலாகவே குற்றம் செய்திருந்தார்கள். இவ்வளவு தெரிந்த பிறகும், "ஒரு நாள் ஸ்டேஷன்ல உட்காரவெச்சா சரியாயிடுவான்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் ஃபிலடெல்ஃபியா கணக்கைச் சொல்வேன். 1945ல் பிறந்த 9,945 பையன்களை மார்வின் உல்ஃப்கேங் குழுவினர் 18 வயது வரை பின்தொடர்ந்தார்கள். மூன்றில் ஒரு பங்குப் பேருக்கு ஒருமுறையாவது போலீஸ் பதிவு இருந்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அந்த ஒருமுறையோடு நின்றுவிட்டார்கள். மொத்தக் குற்றங்களில் பாதிக்கு மேல் செய்தவர்கள் மொத்தப் பையன்களில் வெறும் 6 சதவீதம் பேர். ஆக, முதல் தவறு செய்தவனைக் கண்டால், தானாக நின்றுவிட ஏறக்குறைய பாதி வாய்ப்பு உள்ள ஒருவனைத்தான் பார்க்கிறோம். அவன் நிற்க விடாமல் செய்யக்கூடியது நாம் ஒட்டுகிற பட்டம். சிறார் குற்றத்தைத் தடுப்பதற்காக 1990ல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற ரியாத் வழிகாட்டுதல்கள் இதையே சொல்கின்றன. இளம் வயதின் மீறல்களில் பல, வளர்ச்சியின் ஒரு பகுதி. வளர வளர மறைந்துவிடும். குற்றவாளி என்ற முத்திரை அதை நிலைக்கவைத்துவிடக் கூடும்.

காமிராவில் பதிந்த பையனின் முகத்தைக் குடியிருப்பு வாட்ஸாப் குழுவில் போடுவதை நான் அவ்வளவு கோபத்தோடு எதிர்ப்பதற்குக் காரணம் இதுதான். சாயங்காலத்துக்குள் அது அவன் பள்ளிக்கூடம் வரை போய்விடும். பிறகு எந்தப் பெரியவர் எவ்வளவு நல்லவிதமாகப் பேசினாலும் அவன் காதில் ஏறாது.

இதற்காக எல்லாவற்றையும் ஊருக்குள்ளேயே பேசி முடித்துவிட வேண்டும் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆயுதம், பாலியல் வன்முறை, சிறு பிள்ளையைத் துன்புறுத்துவது எல்லாம் சட்டத்திடம்தான் போக வேண்டும். பாதிக்கப்பட்டவரை வற்புறுத்திச் சமரசம் செய்துவைக்கும் குழு, அக்கிரமத்துக்குத் துணைபோகும் குழு. பையனைக் கட்டிவைத்து அடிப்பவர்களுக்கும் இந்த வேலையில் இடமில்லை.

சட்டத்தோடு சேர்ந்தே சாதாரண மக்கள் இதைச் செய்ய முடியும் என்பதற்கு ஸ்காட்லாந்து நல்ல உதாரணம். 1971 முதல் அங்கே பெரும்பாலான சிறார்களின் விவகாரம் நீதிமன்றத்துக்குப் போவதில்லை. அந்தந்தப் பகுதியிலிருந்து பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் மூன்று பேர், பிள்ளையோடும் பெற்றோரோடும் ஒரே மேசையில் உட்கார்ந்து, இந்தப் பிள்ளைக்கு இப்போது என்ன தேவை என்று பேசி முடிவெடுக்கிறார்கள். திருடிய பிள்ளைக்கும், வீட்டில் கவனிப்பில்லாத பிள்ளைக்கும் ஒரே மேசைதான். ஐஸ்லாந்தில் பெற்றோர்கள் முறைவைத்து, வார இறுதி இரவுகளில் தங்கள் பகுதியை நடந்து சுற்றிவருகிறார்கள். அதோடு விளையாட்டுக்கும் கலைக்கும் அரசு பணம் ஒதுக்கியது. 1998ல் அங்கே 15, 16 வயதினரில் 42 சதவீதம் பேர் கடந்த ஒரு மாதத்தில் போதையாகக் குடித்திருந்தார்கள். 2016ல் அது 5 சதவீதம். நடந்து வருகிற பெற்றோர் யாரையும் பிடிப்பதில்லை. பார்த்துப் பேசிவிட்டு, தேவைப்பட்டால் வீட்டுக்குச் சொல்கிறார்கள்.

ஆனால் எந்த ஊரிலும் குழுக்கள் அதிகம் தயங்குகிற இடம் ஒன்று இருக்கிறது. கூர்நோக்கு இல்லத்திலிருந்து ஒரு பையன் திரும்பி வரும் நாள். ஷாவின் குழுக்கள் இதைத் தங்கள் சொந்த வேலையாகவே எடுத்துக்கொண்டன. ஜப்பானில் 1950ல் வந்த ஒரு சட்டத்தின்படி ஹோகோஷி என்ற தன்னார்வ நன்னடத்தை அதிகாரிகள் இதைச் செய்கிறார்கள். சம்பளம் கிடையாது. பெரும்பாலும் வயதானவர்கள், அதே பகுதிக்காரர்கள். பையனைத் தங்கள் வீட்டுக்கே வரச்சொல்லிப் பேசும் வழக்கம் அவர்களிடம் உண்டு. 52,500 பேர் வரை நியமிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. இப்போது ஆள் கிடைப்பது குறைந்துகொண்டே வருகிறது என்பது அங்கே பெரிய கவலை.

இல்லத்திலிருந்து பையன் வருகிற தேதி தெரிந்ததும் குழு உட்கார்ந்து பேச வேண்டும். வாசலில் போய்க் கூட்டிவர அவன் வீட்டாரோடு யார் போவது? பள்ளியில் திரும்பச் சேர்க்கத் தலைமையாசிரியரிடம் யார் பேசுவது? பள்ளி ஒத்துவராவிட்டால் எந்தத் தொழில் கற்க, யாரிடம் அனுப்புவது? அவனால் பாதிக்கப்பட்ட வீட்டுக்கு முன்கூட்டியே யார் போய்ச் சொல்வது? அந்த வீட்டார் கோபப்பட்டால் கேட்டுக்கொண்டுதான் வர வேண்டும். பழைய கும்பல் முதல் நாளே அவனைத் தேடி வரும், அவர்கள் ஒருநாளும் மறப்பதில்லை. அதற்கு முன்னால் யாராவது ஒரு பெரியவர், வாரத்தில் எந்த நாள் எந்த நேரம் என்று பேசிவைத்து, அவனைப் பார்க்கப் போக ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். அந்தப் பெரியவரின் பெயரை எழுதாமல் கூட்டத்தைக் கலைக்கக் கூடாது.